சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி

வெள்ளியம்பாளையம் நகராட்சிக் கூட்ட அறையில், தலைவர் நாற்காலிக்கு நேர் எதிரே நின்ற தூணுக்கு ஒரு பக்கம் மட்டும் தொப்பை விழுந்திருந்தது. உயிர்ச்சாந்தில் கட்டிய தூண் அது. மனித மூச்சு எங்கே அதிகம் படுகிறதோ அங்கே தடித்துக்கொண்டே போகும். பதவிக்கு வந்த தலைவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தே பேசித் தீர்த்ததில், தூண் இப்போது நிறைமாதக் கர்ப்பிணிபோல் நின்றது. அதற்கு மறுபக்கம் மனுதாரர் பெஞ்சு. அதில் உட்காருகிறவர்களைத் தலைவரால் பார்க்க முடியாது. இது இரண்டு தரப்புக்கும் வசதியாக இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை.

மோகனப்ரியா பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, தூணைச் சுற்றி எட்டிப் பார்த்தாள். ஐம்பத்தேழு வயதில் அப்படிக் கழுத்தை வளைப்பது சுலபமாக இல்லை. மேடையில் மனை விதிவிலக்குக் குழுவின் மூன்று பேரும் இருந்தார்கள். நடுவில் தலைவர் நந்தகோபால். இடப்பக்கம் நகராட்சிப் பொறியாளர் இயல்மதி. வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். வலப்பக்கம் சிபிச்சக்கரவர்த்தி, மோட்டார்களுக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் கடைக்காரர், மோகனப்ரியாவின் பக்கத்து வீட்டுக்காரர். மூன்று பேரில் அவர் மட்டும் ஓடாத மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் அம்மிணி, பக்க இடைவெளி விதிவிலக்குக் கேக்கறது நீங்கதானுங்களா?" என்றார் நந்தகோபால், தூணிடம்.

"ஆமாங்க" என்றது தூணுக்குப் பின்னாலிருந்து மோகனப்ரியாவின் குரல்.

"பக்கத்துல எத்தனை அடி உடோணும்?"

"அஞ்சடிங்க."

"எத்தனை இருக்குது?"

"ஓரடிங்க."

"மிச்சம் நாலடி?"

"வளந்துருச்சுங்க."

பெஞ்சின் மறுமுனையிலிருந்து ஒரு பெரிய செருமல் கேட்டது. புகார் கொடுத்தவள் அங்கேதான் இருந்தாள். கோகிலவாணி, சிபியின் அக்கா. கணவர் இறந்தபின் தம்பி வீட்டோடு வந்து, தம்பியின் மனைவியும் போய்ச் சேர்ந்தபின் அந்த வீட்டின் சகல அதிகாரங்களையும் கையில் எடுத்துக்கொண்டவள்.

"என்ற தம்பி அங்க உக்கோந்திருக்கறான்னு யாரும் மொகதாட்சண்யம் பாக்க வேண்டாமுங்க" என்றாள். "நாயம் நாயந்தான். புதுசா ஒரு கிரைண்டர் வாங்கியிருக்கறேன். அதை வீட்டுக்குப் பின்னால பொடக்காலிக்குக் கொண்டுபோறதுக்கு, ரெண்டு வீட்டுக்கும் எடையில இருக்கற சந்து ஒண்ணுதான் வழி. நடுவுல இவிங்க சுவரு வயித்தைத் தள்ளிட்டு நிக்குது. கிரைண்டர் வாசல்லயே கெடக்குது. போறவன் வாறவனெல்லாம் என்ன வெலைன்னு கேக்கறான்."

"உங்க வீட்டுக்குள்ளாற கொண்டுபோனா?"

"பூஜை ரூமைத் தாண்டியுங்களா?"

நந்தகோபால் அந்தக் கேள்வியின் கனத்தை உணர்ந்து தலையாட்டினார். பிறகு சிபியின் பக்கம் திரும்பினார். "குடும்பத்து வழக்குல உறுப்பினர் உக்காரக் கூடாதுங்க, சிபி."

சிபி பாதி எழுந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"ஆனா நீங்க எந்திரிச்சா கோரம் கெட்டுப்போகும், மூணு பேர் இல்லாமக் கூட்டம் செல்லாது. உக்கோருங்க."

சிபி உட்கார்ந்தார்.

மோகனப்ரியா மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சுவரை வளர்த்தது யார் என்று, அவள் அறிந்தவரை, உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி தூணுக்கு இந்தப் பக்கம் இருந்தாள். இன்னொருவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு வருடங்களுக்கு முன்பு, அவள் கணவர் இறந்த வருட மழைக்காலத்தில், ஒரு நாள் சாயங்காலப் பொழுதோடு சந்தில் நின்று சமையலறை ஜன்னல் வழியாகச் சிபி சொன்னார்: "உங்க மோட்டார் சத்தம் சரியில்லீங்க." அந்த வாரமே மோட்டாரைச் சரிசெய்தும் கொடுத்தார். அதன்பிறகு தினமும் மோட்டார் சரியாக ஓடுகிறதா என்று கேட்டுப்போக வந்தார். அப்படியே மழையைப் பற்றி, தக்காளியைப் பற்றி, அவள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்த காலத்தைப் பற்றி, செத்துப்போன இரண்டு பேரைப் பற்றி. அவள் ஜன்னல் வழியாகச் சுக்குக் காப்பி நீட்டுவாள். அவர் சுவரில் சாய்ந்துகொண்டு குடிப்பார்.

சுவர் சும்மா இருக்குமா? அவர் மூச்சுப் பட்ட இடமெல்லாம் வெளிப்பக்கமாகத் தடித்தது. ஜன்னலைச் சுற்றி உதடுபோல் கிளம்பி, பிறகு மூக்குபோல் நீண்டு, கடைசியில் ஜன்னலே ஒரு குகையாகிவிட்டது. பேசப்பேச இருவருக்கும் நடுவே சுவர் கூடிக்கொண்டே போனது. இப்போது காப்பியைக் கையால் கொடுக்க முடியாது. டம்ளரை ஒட்டடைக் குச்சியால் தள்ளிவிட வேண்டும். சிபி தன் வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டி, ஆணியில் மாட்டிய காலண்டர்போல் நின்றுதான் குடிக்க வேண்டும். அவருடையது பழைய சிமெண்டு வீடு, எல்லைக்கோட்டின் மேலேயே நிற்பது. அவள் பேச்சு ஜன்னல் வழியாகப் போய்ப் பட்டது அதன்மேல்தான்; சிமெண்டுக்கு யார் பேசினாலும் ஒன்றுதான்.

"ரெக்கார்டுக்காகக் கேக்கறேன், அம்மிணி" என்று நந்தகோபால் இயல்மதியிடம் சொன்னார். "வளந்ததை வெட்டி எடுத்துட்டா என்ன? முடி வெட்டற மாதிரி."

"முடிக்கு உசுர் இல்லீங்க சார். இதுக்கு இருக்குது. சாந்துக்குள்ள இருக்கற நுண்ணுயிர் மூச்சுல இருக்கற ஈரத்தையும் கரியமில வாயுவையும் எடுத்துச் சுண்ணாம்பாக் கட்டுது. விரிசல் வுட்டா தானா மூடிக்கணும்னுதான் இதைக் கண்டுபுடிச்சாங்க. இவ்வளவு பேசுவாங்கன்னு அவங்க நெனைக்கலை. வளர்ற முகத்தை வெட்டினா அந்தச் சுவரே செத்துரும். அவங்க வீட்டுல அது தாங்கு சுவர். ரெண்டு மழை தாங்காது."

"அப்ப வெட்டுனா வீடு போச்சு."

"போச்சுங்க."

கோகிலவாணி, "நான் கிரைண்டரைத்தான் சொன்னேன், வீட்டையெல்லாம் சொல்லலை" என்று முணுமுணுத்தாள்.

"விதி என்னன்னா" என்று நந்தகோபால் தொடர்ந்தார், "வளத்தது யாரு மூச்சுங்கறதைப் பொறுத்தது. வெளியாள் மூச்சுல வளந்திருந்தா வீட்டுக்காரர் மேல தப்பில்லை, விலக்குக் குடுக்கலாம். சொந்த மூச்சுன்னா வெட்டித்தான் ஆகோணும். மூச்சுப் பரிசோதனை பண்ணோணும்னு இந்த விதியக் கொண்டுவந்ததே நம்ம சிபிதான். ஏனுங் சிபி, எதுக்குன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

"மார்க்கெட்டுல தவுடுக்கடைக்காரன் திண்டு வெச்சுக் கட்டிட்டு, தானா வளந்துச்சுன்னான்" என்றார் சிபி, கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி.

"நல்ல விதி."

"நல்ல விதிதானுங்க."

இயல்மதி மேஜைமேல் ஒரு சின்னக் குப்பியை வைத்தாள். உள்ளே விரல் நீளத்துக்குச் சுவரின் துண்டு ஒன்று, மரத்தின் வளையங்கள்போல் அடுக்கடுக்காக. "காலைலயே எடுத்துட்டேன். எல்லாரும் ரேஷன் அட்டைக்கு ஊதிக் குடுத்த மூச்சு நம்மகிட்டப் பதிவா இருக்குது. ஒப்பிட்டும் பாத்துட்டேன்." அவள் நிமிர்ந்தாள். பார்வை நந்தகோபாலைத் தாண்டி, தூணைத் தாண்டி, நேராக மோகனப்ரியாவிடம் வந்தது. "படிக்கட்டுங்களா?"

மோகனப்ரியாவுக்குப் புரிந்தது. அந்தப் பெண் குழுவைக் கேட்கவில்லை. தன்னைக் கேட்கிறாள்.

உயிர்ச்சாந்து வந்தபிறகு ஊரில் எந்த ரகசியமும் கனமில்லாமல் இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜியைத் தொடுவதற்கு முன்னால் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். மாமியாரும் மருமகளும் ஒருவரோடொருவர் பேசுகிறார்களா என்று சமையலறைச் சுவர் சொல்லிவிடும். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில், குளியலறைக் கதவுக்குப் பின்னால் அவள் நின்று அழுத மூலை மட்டும் தடித்திருப்பதைப் பார்த்த ஒரு அப்பா, அப்போதே மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அது நல்லதுக்கு. மாடிப்படிக்குக் கீழே இரண்டு பேர் மூச்சு இருந்ததாகப் பரிசோதனை சொன்ன ஒரு வாத்தியார் ஊரைவிட்டே போனார். அது எதற்கு என்று இன்னும் யாருக்கும் தெரியாது. விவரமானவர்கள் அலமாரியை நகர்த்தி மறைத்துக்கொண்டார்கள்.

மோகனப்ரியாவின் படுக்கையறைச் சுவரும் ஒன்று சொல்லும். கணவர் படுத்த பக்கம் தலையணை மாதிரிப் புடைத்திருக்கும். அவள் பக்கம் அப்பளம். அவர் கெட்டவர் இல்லை. பேசுகிறவர். இருபத்துநாலு வருடம் அவர் பேசினார், அவள் 'ம்' சொன்னாள். 'ம்' என்பதற்கு வாயைத் திறக்க வேண்டியதில்லை. மூச்சும் பெரிதாகச் செலவாகாது.

'படி' என்றால் வீடு தப்பும். நாளை காலை டீக்கடையில் சிபியின் பெயர் கொதிக்கும். இந்த மனுஷர் இத்தனை வருடம் தன்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை காத்திருந்தவர். அப்படிப்பட்ட ஒருவரை ஒரு சமையலறைச் சுவருக்காகத் தெருவில் நிறுத்துவதா?

அவள் எழுந்து தூணைச் சுற்றி முன்னால் வந்து நின்றாள்.

"படிக்க வேண்டாம் கண்ணு. அது என்ற மூச்சுதான்."

இயல்மதியின் புருவம் உயர்ந்தது. "சுவர் வெளிப்பக்கமா வளந்திருக்குதுங்க. நீங்க சமையல் ரூமுக்குள்ள."

"பொழுதோட சந்துல போய் நின்னு பேசுவேன்."

"யாருகிட்டங்க?"

"தனியா."

"நாலடிக்குங்களா?" என்றார் நந்தகோபால்.

"மனசுல நெறையக் கெடந்துச்சுங்க."

கோகிலவாணி உச்சுக் கொட்டினாள். "அய்யோ பாவம். பேச ஆளில்லாம சந்துல நின்னு பேசியிருக்கறா. ஏம்மா, நான் மாடில சும்மாதான உக்கோந்திருக்கறேன். ஒரு சத்தம் குடுத்திருந்தா வந்திருப்பனே."

நந்தகோபால் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. "சொந்த மூச்சுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க அம்மிணி. அப்ப விலக்குக் குடுக்க முடியாது. வெட்டறதுக்கு உத்தரவு போடோணும். மகளூட்டுக்குப் போயிருவீங்களா?"

"போயிருவேனுங்க."

மகள் வீடு ஒன்பதாவது மாடியில் இருந்தது. அங்கே சமையலறைக்கு ஜன்னலே இல்லை.

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. சிபி எழுந்து நின்றிருந்தார். மேடையிலிருந்து இறங்கும் அவசரத்தில் மைக்கின் ஒயர் காலில் மாட்டி, அதையும் இழுத்துக்கொண்டே மோகனப்ரியா நின்ற இடம்வரை வந்துவிட்டார். அதனால் அவர் சொன்னது அறை முழுக்க, வராந்தாவில் தூங்கிக்கொண்டிருந்த காவலாளிவரை கேட்டது.

"அது என்ற மூச்சுங்க."

இயல்மதி குப்பியைத் திருப்பிப் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள் சாதாரணமாக. "அடியிலருந்து மேல்வரைக்கும் உறுப்பினர் சிபிச்சக்கரவர்த்தி. எல்லா அடுக்குலயும் சுக்குக் காப்பி."

கோகிலவாணி மெல்ல எழுந்தாள். மோகனப்ரியா கண்ணை மூடிக்கொண்டாள். ஆறு வருடமாகப் பயந்துகொண்டிருந்த நேரம் இதுதான்.

"காப்பியா?" என்றாள் கோகிலவாணி.

அவள் தம்பிக்கு எதிரே வந்து நின்றாள்.

"நெஞ்செரிச்சல், காப்பி ஒத்துக்கலைன்னு சொன்னியேடா. பொழுதோட ஆசையா ஒரு டம்ளர் கொண்டுவந்தா, வேண்டாங்க்கான்னு மொகத்தைத் திருப்பிக்குவியே. உனக்காகச் சீரகத் தண்ணி கொதிக்க வெச்சு ஆறு வருசமா நானும் அதையே குடிச்சிட்டுக் கெடக்கறேன். எனக்கென்ன நெஞ்சா எரிஞ்சுது?"

"அக்கா, அது வந்து..."

"நீ யாருகிட்டப் பேசினா எனக்கென்ன? அறுபது வயசுக் கழுதை. ஒரு டம்ளர் காப்பிக்குப் பொய் சொல்லியிருக்கற பாத்தியா, அதுதான் எனக்கு வெசனம்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று மோகனப்ரியாவால் சொல்ல முடியவில்லை.

சிபிக்குத் துணிச்சல் வந்துவிட்டது. இப்படி வருகிற துணிச்சல் ஆண்களை எப்போதும் ஒரு அடி கூடுதலாகத் தள்ளிவிடும். "தலைவரே, இன்னொரு வழியும் இருக்குதுங்க. ரெண்டு மனையையும் ஒண்ணாச் சேத்துட்டா பக்க இடைவெளிங்கற பேச்சே வராது. ஒரே கட்டடம். நடுவுல இருக்கற சந்தையும் மூடிறலாம்."

"சேக்கலாம். ஆனா விதிப்படி ரெண்டு வீட்டுக்காரரும் ஒரே குடும்பமா இருக்கோணும்."

"அதைத்தானுங்க சொல்றேன்" என்றார் சிபி. காது இரண்டும் சிவந்திருந்தன. மைக் இன்னும் காலடியில்தான் கிடந்தது.

எல்லோரும் மோகனப்ரியாவைப் பார்த்தார்கள். இயல்மதி வெளிப்படையாகவே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். வராந்தாக் காவலாளி வாசலில் வந்து நின்றான்.

"வேண்டாமுங்க" என்றாள் மோகனப்ரியா.

சிபியின் முகம் தொங்கிப்போனது.

"ஒரே கூரைக்குக் கீழ இருபத்துநாலு வருசம் இருந்து பாத்தாச்சுங்க. எனக்கு இனி என்ற கூரை தனியா வேணும். அந்த ஓரடிச் சந்தும் வேணும். நான் மனுவுல கேட்டது அவ்வளவுதான்." அவள் சிபியிடம் திரும்பினாள். குகையும் ஒட்டடைக் குச்சியும் இல்லாமல் இவ்வளவு பக்கத்தில் அவரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. மூக்கின் ஓரத்தில் ஒரு மச்சம் இருந்தது அவளுக்கு மறந்தே போயிருந்தது. "ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன். என்ற வீட்டுக்கு வாசல்னு ஒண்ணு இருக்குது. கதவு, தாழ்ப்பாள், காலிங் பெல் எல்லாம் இருக்குது. ஆறு வருசமா அது உங்க கண்ணுலயே படலீங்களா?"

சிபி குனிந்து காலில் மாட்டிய ஒயரை விடுவித்தார். "நீங்க கூப்புடலீங்க."

"நீங்க கேக்கலீங்க."

நந்தகோபால் மேஜையைத் தட்டினார். "போதும் போதும். இன்னிக்கு இன்னும் ரெண்டு மனு இருக்குது. வெளியாள் மூச்சுன்னு நிரூபணமாயிருச்சு, விலக்குக் குடுத்தறலாம். ஆனா சிபி எறங்கிப் போயிட்டாரே, கோரத்துக்கு என்ன பண்றது?"

"கூட்டம் ஆரம்பிக்கறப்ப கோரம் இருந்தாப் போதும்னு விதி இருக்குதுங்க சார்."

"அதை முன்னாலயே சொல்றதுக்கென்ன?"

"நீங்களும் கேக்கலீங்க" என்றாள் இயல்மதி.

ஓரடி இடைவெளிக்கு விலக்கு, ஒரு நிபந்தனையோடு: சுவர் இனி ஓர் அங்குலம்கூட வளரக் கூடாது. அதாவது, அந்த ஜன்னலில் இனிப் பேச்சு கிடையாது. கிரைண்டர் விஷயத்தில் கோகிலவாணியே ஒரு தீர்ப்புச் சொன்னாள்: அது மோகனப்ரியாவின் வீட்டுக்குள் வாசல் வழியாகப் போய்ப் பின்கதவு வழியாகத் தங்கள் பொடக்காலியில் இறங்கும். "அந்த வீட்டுல பூஜை ரூம் ஓரமாத்தான் இருக்குது. நான் பாத்திருக்கறேன்."

மறுநாள் பொழுதோடு மோகனப்ரியா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கூடத்தில் மண்டியிட்டாள். நான்கு சுவர்களிலிருந்தும் ஐந்தடி விட்டு, நடுவில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டாள். காலிங் பெல் அடித்தது. பக்கத்து வீட்டிலிருந்து வருவதற்கு, ஏதோ வெளியூர் விசேஷத்துக்குப் போகிறவர்போல், சிபி சட்டைக் கையை மடித்துவிட்டு, தலையை எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு நின்றிருந்தார்.

உட்கார்ந்து ஒரு வாய் குடித்ததும் குகைப் பழக்கத்தில் கத்தினார்: "காப்பி நல்லாருக்குதுங்க!"

"இங்க வரைக்கும் கேக்குது" என்றது பக்கத்து மாடியிலிருந்து அக்காவின் குரல். "எனக்கும் ஒரு டம்ளர் குடுத்து உடச் சொல்லு."

அதன்பிறகுதான் அவர் குரலைத் தணித்தார். மெதுவாகப் பேசும்போது அந்தக் குரல் எப்படி இருக்கும் என்பதும் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அடுத்த வருடம் மழை முடிந்ததும் இயல்மதி ஆய்வுக்கு வந்தாள். சந்தில் பக்கவாட்டாக நுழைந்து அளந்தாள். சுவர் ஒரு நூல்கூட வளரவில்லை. திருப்தியோடு கூடத்துக்கு வந்தவள், தண்ணீர் குடிக்க அண்ணாந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

இரண்டு நாற்காலிகளுக்கும் நேர் மேலே, கூரையில் இரண்டு புடைப்புகள் கீழ்நோக்கித் தொங்கின. ஒன்று எலுமிச்சம்பழ அளவு. இன்னொன்று நல்ல பூசணிக்காய்.

"கூரை உள்பக்கமாக் கீழ வளந்தா அதுக்கு ஏதாச்சும் விதி இருக்குதா கண்ணு?" என்று மோகனப்ரியா கவலையோடு கேட்டாள்.

"இது வரைக்கும் இல்லீங்க. ஃபேனை மட்டும் தள்ளி மாட்டிக்கோங்க." இயல்மதி பூசணிக்காயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்தப் பெரிசு, சாருங்களா?"

சிபி எலுமிச்சம்பழத்துக்குக் கீழே உட்கார்ந்து, நிதானமாகச் சுக்குக் காப்பியை ஊதினார்.

"நானெங்கீங்க பேசறேன்" என்றார். "நான் 'ம்' சொல்றதோட சரி."